தொடர்வது எது? – துண்டுவாரிச் சார்புகளும் ‘தொடர்ச்சி’ என்னும் கலைச்சொல்லின் வரலாறும்

நுண்கணிதத்தின் தொடக்கப் பாடங்களில் மாணவர் இடறும் இடங்களுள் ஒன்று, துண்டுவாரிச் சார்பின் தொடர்ச்சி பற்றிய வினாவாகும். ஒரு சார்பு, மாறியின் மதிப்பு 1 வரை அம்மாறியின் வர்க்கமாகவும், 1க்கு மேல் அதன் இருமடங்கில் ஒன்று குறைந்ததாகவும் வரையறுக்கப்பெறுகிறது எனக் கொள்வோம். வாய்பாடுகள் இரண்டு, சார்பு ஒன்றே. 1 என்னும் புள்ளியை இடப்பக்கமிருந்து அணுகினாலும் வலப்பக்கமிருந்து அணுகினாலும் சார்பின் எல்லை 1. அப்புள்ளியில் அதன் மதிப்பும் 1. ஆகவே அது தொடர்ச்சியானது. இரண்டாம் வாய்பாட்டை ‘மாறியுடன் ஒன்றைக் கூட்டியது’ என மாற்றிவிட்டால் வலப்பக்க எல்லை 2 ஆகும், சார்பு 1இல் தாவும், தொடர்ச்சி அறும். கணக்கு இவ்வளவே.

எனினும் இவ்விரு சார்புகளுள் முதலாவதையும் ‘தொடர்ச்சியற்றது’ என்று விடையெழுதும் மாணவர் உண்டு. காரணம் கேட்டால், ‘ஒரே வாய்பாட்டால் தரப்படவில்லை’ என்பர். 1981இல் டேவிட் டால், ஷ்லோமோ வின்னர் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வொன்றில், இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பை நன்கு முடித்துப் பல்கலைக்கழகம் புகுந்த மாணவரிடத்தும் இத்தகைய விளக்கம் காணப்பட்டது. அம்மாணவருக்குத் தரப்பட்ட சார்புகளுள் ஒன்று, 0 வரை சுழியமாகவும் அதன்பின் மாறியின் மதிப்பாகவும் அமைவது. வரைந்து பார்த்தால் தரையில் கிடந்து பின் மேலேறும் கோடு. எங்கும் இடைவெளி இல்லை. ஆயினும் சிலர்க்கு அது தொடர்ச்சியற்றதாகவே பட்டது.

இதனைப் பிழை என்று திருத்திவிட்டு மேற்செல்வது ஆசிரியர்க்கு எளிது. மொழியியலார்க்கு அஃது அத்துணை எளிதன்று. ஏனெனில் பதினெட்டாம் நூற்றாண்டில் இம்மாணவரின் விடையே சரியான விடை. ‘தொடர்ச்சி’ என்னும் சொல்லுக்கு அந்நூற்றாண்டின் தலைசிறந்த கணித அறிஞர் தந்த பொருளும் அதுவே.

ஆய்லரின் தொடர்ச்சி

சார்பு என்னும் கருத்துக்கு இலத்தீனில் பெயர் தந்தவர் லைப்னிட்ஸ். 1718இல் யோகான் பெர்னூலி, மாறியும் மாறிலிகளும் எவ்வகையிலேனும் சேர்ந்தமைந்த அளவே சார்பு என்று வரையறுத்தார். அவர்தம் மாணாக்கரான ஆய்லர், 1748இல் லோசான் நகரில் இரு தொகுதிகளாக வெளிவந்த தம் பகுமுறை அறிமுக நூலில் ‘அளவு’ என்பதை நீக்கிப் ‘பகுமுறைக் கோவை’ என்று வைத்தார். இம்மாற்றம் சிறிதெனத் தோன்றினும் விளைவு பெரிது. சார்பு என்பது எழுதிக் காட்டக்கூடிய ஒரு கோவையாயிற்று.

அந்நூலின் இரண்டாம் தொகுதி வளைகோடுகளைப் பற்றியது. அதன் தொடக்கத்திலேயே ஆய்லர் வளைகோடுகளை இருவகையாகப் பிரிக்கிறார். ஒரே சார்பால் இயல்பு முழுவதும் உணர்த்தப்படும் கோடு தொடர்ச்சியானது. வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு சார்புகளால் உணர்த்தப்படும் கோடு தொடர்ச்சியற்றது. இப்பின்னதற்குக் ‘கலப்புக் கோடு’ என்றும் ஒரு பெயர் தருகிறார். இன்று துண்டுவாரிச் சார்பு எனப்படுவது அன்றைய கலப்பே.

இவ்வரையறையில் கோடு இணைந்திருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்னும் வினாவுக்கே இடமில்லை. மேலே காட்டிய இரு சார்புகளும், இணைந்ததும் தாவுவதும் ஆகிய இரண்டும், ஆய்லர்க்குத் தொடர்ச்சியற்றவையே. மறுதலையாக, மாறியின் தலைகீழியைத் தரும் அதிபரவளைவு இரு கிளைகளாகப் பிரிந்து, இடையே சுழியத்தில் பிளவுபட்டு நின்றாலும், ஒரே கோவையால் தரப்படுவதால் தொடர்ச்சியானது. இன்னும் வியப்பானது ஒன்று உண்டு. எவ்விதிக்கும் கட்டுப்படாமல் கைபோன போக்கில் இழுத்த கோட்டைத் தொடர்ச்சியின்மைக்கு எடுத்துக்காட்டாகவே ஆய்லர் கொண்டார். இன்றோ, ‘எழுதுகோலை எடுக்காமல் வரைய இயலுமா?’ என்பதே வகுப்பறையில் தொடர்ச்சிக்குச் சொல்லப்படும் சோதனை. ஒரு காலத்தில் தொடர்ச்சியின்மையின் உருவமாக இருந்த கையசைவு இன்று தொடர்ச்சியின் உருவமாகிவிட்டது.

சொல்லாய்வு நோக்கில் இதன் காரணம் தெளிவு. ‘தொடர்ச்சி’ ஒரு தொழிற்பெயர். தொழிற்பெயர் தன் எழுவாயை வெளியே காட்டுவதில்லை. தொடர்வது எது என்று அச்சொல் கூறுவதில்லை. கேட்போரே வருவித்துக்கொள்ள வேண்டும். இலத்தீன் மூலச்சொல்லும் அத்தகையதே: ‘சேர்த்துப் பிடித்தல்’ என்னும் வினையடியாகப் பிறந்த அது, சேர்த்துப் பிடிக்கப்படுவது கோடா, கோட்டை ஆளும் விதியா என்று சொல்லவில்லை. ஆய்லர் வருவித்த எழுவாய் விதி. கோடு தொடர்வதன்று, ஒரே விதி கோடு நெடுகத் தொடர்வதே அவர் கருத்து. இக்காலத்தார் வருவிப்பது சார்பின் மதிப்பு. சொல் மாறவில்லை, எழுவாய் மாறியது.

மீட்டிய நரம்பு

இவ்வேறுபாடு வெறும் பெயரிடும் பழக்கமாக நின்றிருப்பின் அதற்கு வரலாறு இராது. அதனைப் பூசலாக்கியது அதிரும் நரம்பு. 1747ஆம் ஆண்டுக்குரிய பெர்லின் கழக வெளியீட்டில் தலாம்பேர், இரு முனையும் கட்டப்பட்ட நரம்பின் அதிர்வுக்குச் சமன்பாடு அமைத்து, அதன் தீர்வைத் தன்னிச்சையான சார்புகளைக் கொண்டு எழுதினார். ஆனால் அச்சார்பு உண்மையில் எவ்வளவு ‘தன்னிச்சை’யானது? நரம்பின் தொடக்க வடிவம் ஒரே கோவையால் தரப்படுவதாக இருந்தால் மட்டுமே தீர்வு செல்லும் என்றார் தலாம்பேர். ஆய்லர் அதை ஏற்கவில்லை. நரம்பை விரலால் ஓரிடத்தில் பற்றி இழுத்தால் அது இரு நேர்கோடுகள் ஒரு மூலையில் கூடிய வடிவம் பெறும். வீணையோ யாழோ மீட்டுவோர் நாள்தோறும் செய்வது இதனையே. இதற்குக் கணிதத்தில் இடமில்லை என்றால் குறை நரம்பினுடையதன்று. ஆகவே தொடர்ச்சியற்ற சார்புகளையும் பகுமுறையில் ஏற்க வேண்டும் என்றார்; 1767இல் வெளிவந்த கட்டுரை ஒன்றுக்குத் தொடர்ச்சியற்ற சார்புகளின் பயன்பாடு என்றே தலைப்பிட்டார். 1755இல் வெளிவந்த வகையீட்டு நூலில், ஓர் அளவு மாற அதனைச் சார்ந்து மற்றோர் அளவு மாறுமாயின் பின்னது முன்னதன் சார்பு எனக் கோவையைச் சுட்டாமலே வரையறுத்திருந்தமையும் நினைக்கத்தக்கது.

மொழிபெயர்ப்பாளர் முதலில் தடுக்கிவிழும் இடம் இது. மீட்டிய நரம்பின் வடிவம் தொடர்ச்சியற்றது என்று ஆய்லரை அப்படியே தமிழாக்கினால், நரம்பு அறுந்துவிட்டது என்றே படிப்போர் கொள்வர். ஆய்லர் சொல்வதோ அறாத நரம்பைப் பற்றி.

பூசலில் தானியேல் பெர்னூலியும் கலந்துகொண்டார். எவ்வதிர்வும் சைன் அலைகளின் கூட்டே என்பது அவர் கருத்து. ஒரு தொடரால் எழுதப்படுவது எப்படித் தன்னிச்சையான வடிவம் அனைத்தையும் தழுவும் என்பது ஆய்லரின் ஐயம். இவ்வையத்திற்கு விடை அறுபது ஆண்டுக்குப் பின்னரே வந்தது.

ஆர்போகாஸ்டின் இரு சொற்கள்

பீட்டர்ஸ்பர்க் அறிவியற் கழகம் 1787இல் ஒரு பரிசு வினாவை அறிவித்தது. சமன்பாடுகளைத் தொகையிடும்போது வரும் தன்னிச்சைச் சார்புகள், கையசைவால் வரையப்படும் கோடுகள் உட்பட எவ்வகைக் கோட்டையும் குறிக்குமா, அன்றித் தொடர்ச்சியான கோடுகளை மட்டுமே குறிக்குமா என்பது வினா. பரிசு பெற்றவர் ஸ்ட்ராஸ்பர்க்கைச் சார்ந்த ஆர்போகாஸ்ட். அவர்தம் கட்டுரை 1791இல் அச்சாயிற்று.

கணித வரலாற்றில் இக்கட்டுரைக்கு உரிய இடம் எதுவாயினும், கலைச்சொல் வரலாற்றில் இது தனிச்சிறப்புடையது. தொடர்ச்சி என்பது, ஓர் அளவு ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு இடைநிலைகள் யாவற்றையும் கடந்தே செல்லுதல் என்று கொண்டு, அஃது இருவழிகளில் குலையும் என்கிறார் ஆர்போகாஸ்ட். ஒன்று, சார்பின் வடிவம் மாறுதல். அதாவது ஒரு விதி நின்று மற்றொரு விதி தொடங்குதல். மற்றொன்று, கோட்டின் பகுதிகள் ஒன்றையொன்று தொடாமலே நிற்றல். முன்னதற்குப் பழைய பெயரையே வைத்துக்கொண்டார். பின்னதற்குத் ‘தொடுதல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் அடியிலிருந்து பிரெஞ்சில் ஒரு புதுச்சொல்லை ஆக்கினார். தமிழில் அதனைத் ‘தொடுகையற்ற’ எனலாம். நம் இரு எடுத்துக்காட்டுகளும் முதன்முறையாகப் பிரிந்தது இங்குத்தான்: வர்க்கமும் நேர்கோடும் 1இல் கூடும் சார்பு ஆர்போகாஸ்ட்டுக்குத் தொடர்ச்சியற்றது, ஆனால் தொடுகையுடையது; தாவும் சார்பு தொடுகையும் அற்றது.

தொடர்தல், தொடுதல் என்னும் இவ்வேறுபாடு புதிதன்று. அரிஸ்டாட்டில் தம் இயற்பியல் நூலின் ஐந்தாம் பகுதியிலேயே, இரு பொருள்களின் ஓரங்கள் அருகருகே கூடியிருப்பது தொடுகை என்றும், ஓரங்கள் ஒன்றேயாகிவிடுவது தொடர்ச்சி என்றும் பிரித்துள்ளார். துண்டுவாரிச் சார்பின் இரு துண்டுகளும் 1 என்னும் புள்ளியில் ஒரே மதிப்பைப் பகிர்ந்துகொள்ளும்போது அவற்றின் ஓரங்கள் ஒன்றாகிவிடுகின்றன. அந்நிலையில் அரிஸ்டாட்டிலின் அளவுகோலால் அது தொடர்ச்சியே. பழமையான அளவுகோல் இக்காலப் பாடநூலுக்கு ஆய்லரினும் நெருக்கமாக நிற்கிறது.

ஆர்போகாஸ்டின் புதுச்சொல் வழக்கில் நிலைக்கவில்லை. பின்வந்தோர் அவர் பிரித்த இரண்டாம் பொருளை எடுத்துக்கொண்டு, அதனைப் பழைய சொல்லிலேயே ஏற்றினர். முதற்பொருள் பெயரின்றிப் போயிற்று. கலைச்சொல் வரலாற்றில் பெயரின்றிப் போன பொருள்கள் அழிந்துவிடுவதில்லை. பழைய சொல்லின் அடியில் படிந்து கிடக்கும். டால், வின்னர் கண்ட மாணவர் தோண்டியெடுத்தது அந்தப் படிவையே.

ஒரு கோவை, பல துண்டுகள்

ஆய்லரின் பகுப்பைக் குலைத்தது ஃபூரியரின் வெப்பக் கோட்பாடு. 1807இல் பாரிசுக் கழகத்திற்கு அளித்த கட்டுரையிலும், 1822இல் வெளிவந்த நூலிலும், ஒற்றைப்படை மடங்குக் கொசைன்களை அம்மடங்குகளால் வகுத்து, குறியை மாற்றி மாற்றிக் கூட்டிய முடிவிலித் தொடர் ஒன்றை அவர் காட்டினார். அத்தொடரின் மதிப்பு ஓர் இடைவெளியில் பையின் நாலில் ஒரு பங்காக அசையாமல் நிற்கும். அடுத்த இடைவெளியில் திடீரென அதன் எதிர்மதிப்பாகும். எழுதப்பட்டதோ ஒரே கோவை, கிடைத்ததோ துண்டுகள். இதனை ஆய்லரின் பகுப்பில் எங்கு வைப்பது? கோவையை நோக்கினால் தொடர்ச்சி. மதிப்பை நோக்கினால் கலப்பு.

தமிழாக்குவோர்க்கு இங்கு வேறொரு சிக்கலும் உண்டு. முடிவிலியாகக் கூட்டப்படுவதும் தமிழில் ‘தொடர்’தான். ‘தொடர்ச்சியற்ற சார்பைத் தொடராக எழுதுதல்’ என்னும் வாக்கியம் கணிதத்தில் பிழையற்றது, காதுக்கு முரண். பிற இந்திய மொழிகளில் இம்முரண் இல்லை எனலாம். இந்தியில் தொடர்ச்சியைக் குறிக்கும் ‘சந்தத’, ‘சாந்தத்ய’ என்பன ‘நீட்டுதல், விரித்தல்’ என்னும் வடமொழி வினையடியினின்று வந்தவை. கூட்டுத்தொடருக்கு ‘ஸ்ரேணி’ என வேறு சொல் உண்டு. ஜெர்மானிய மொழி இதே கருத்தை ‘நிலைத்திருத்தல்’ என்னும் அடியிலிருந்து பெற்றது. ஒவ்வொரு மொழியும் பிடித்தல், நீட்டல், நிற்றல், பின்பற்றிச் செல்லல் என வெவ்வேறு வினையைத் தேர்ந்தது. எழுவாயைச் சொல்லாமல் விட்டதில் மட்டும் யாவும் ஒன்று.

விதியிலிருந்து மதிப்புக்கு

1817இல் பிராகா நகரில் பொல்சானோவும், 1821இல் தம் பாரிசுப் பாடநூலில் கோஷியும் தொடர்ச்சிக்குப் புதுவரையறை தந்தனர். மாறியில் எல்லையின்றிச் சிறிதாகும் மாற்றம் சார்பிலும் எல்லையின்றிச் சிறிதாகும் மாற்றத்தையே விளைவிக்குமாயின், அக்குறித்த இடைவெளியில் சார்பு தொடர்ச்சியானது என்பது கோஷியின் கூற்றின் சாரம். விதி ஒன்றா, இரண்டா என்னும் கேள்வி இவ்வரையறையில் எழவே இல்லை. அதிபரவளைவின் நிலையும் மாறிற்று: மாறியின் தலைகீழி சுழியத்தில் தொடர்ச்சியற்றது என்றார் கோஷி. அந்த ஒரு கோட்டின் மீதே ஆய்லரும் கோஷியும் எதிரெதிர்த் தீர்ப்பு வழங்கியுள்ளனர். இருவரும் தத்தம் வரையறையில் பிழைபடவில்லை. சுழியம் அச்சார்பின் சார்பகத்திலேயே இல்லாததால் அங்குத் தொடர்ச்சி பற்றிப் பேசுவதற்கில்லை, தன் சார்பகம் முழுவதும் அது தொடர்ச்சியானதே என்பது இன்றைய நூல்கள் பலவற்றின் நிலை. பள்ளிப் பாடங்களில் கோஷியின் தீர்ப்பும் இன்றைய தீர்ப்பும் சிலபோது ஒரே பக்கத்தில் காணப்படுவது மாணவர் குழப்பத்துக்கு மற்றொரு காரணம்.

புதிய வரையறை வந்தவுடன் யாவும் தெளிந்துவிடவில்லை. தொடர்ச்சியான சார்புகளின் ஒருங்கும் தொடர் தொடர்ச்சியான சார்பையே தரும் எனக் கோஷி எழுத, 1826இல் ஏபல் அதற்கு விலக்கு உண்டெனச் சைன் தொடர் ஒன்றைக் காட்டினார். கோஷியின் ‘தொடர்ச்சி’ இக்காலப் பொருளினும் வலியது, ஆதலின் அவர் கூற்று பிழையன்று என வாதிடும் வரலாற்றாசிரியரும் உளர். ஒரே சொல்லை ஆளும் இருவர் ஒரே பொருளைத்தான் ஆள்கின்றனர் என்று கொள்ள இயலாது என்பதற்கு இதுவும் சான்று.

துண்டுவாரிச் சார்புக்கு ஐயத்துக்கிடமின்றி உரிமை தந்தவர் டிரிஷ்லே. 1837இல் அவர் தொடர்ச்சியான சார்பை விளக்குகையில், இடைவெளி முழுவதும் ஒரே விதி ஆள வேண்டியதில்லை என்பதை வெளிப்படையாகவே எழுதினார். மாறி சிறிது சிறிதாகச் செல்லச் சார்பும் சிறிது சிறிதாகச் செல்லுமாயின் போதும். எதிர்ப்பக்கத்தில், 1829இலேயே, விகிதமுறு எண்களில் ஒரு மதிப்பும் விகிதமுறா எண்களில் வேறொரு மதிப்பும் பெறும் சார்பை அவர் குறிப்பிட்டிருந்தார். எங்கும் தொடர்ச்சியற்ற அதனைக் கையசைவாலும் வரைய இயலாது. அதன்பின் வயர்ஸ்ட்ராசின் பெர்லின் விரிவுரைகள் வழியாகவும், 1872இல் ஹைனே அச்சிட்ட கட்டுரை வழியாகவும், ‘எல்லையின்றிச் சிறிதாதல்’ என்பதன் இடத்தில் எப்சிலான், டெல்டா என்னும் இரு எண்களுக்கிடையிலான ஒப்பந்தம் அமர்ந்தது. இடைநிலைகளைக் கடந்து செல்லுதல் என்னும் ஆர்போகாஸ்டின் விளக்கமும் போதாது என்பதை 1875இல் தார்பூ மெய்ப்பித்தார்: இடைமதிப்பு யாவும் பெற்றும் தொடர்ச்சியற்ற சார்புகள் உண்டு.

1844: சொல்லின் மேல் ஒரு வழக்கு

பழைய பொருளும் புதிய பொருளும் நேருக்குநேர் நின்றது 1844இல். தொடர்ச்சியான சார்புகள் என்னும் தலைப்பிலேயே கோஷி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் அவர் காட்டும் சான்று மிக எளியது. மாறி சுழியத்துக்குக் குறையாதபோது மாறியையே மதிப்பாகவும், குறையும்போது மாறியின் எதிர்க்குறியை மதிப்பாகவும் கொண்ட சார்பு, இரு விதி உடையதாதலின் ஆய்லர் வழியில் தொடர்ச்சியற்றது. ஆனால் அதே சார்பை மாறியின் வர்க்கத்தின் வர்க்கமூலம் என ஒரே கோவையாக எழுதலாம். அவ்வாறு எழுதியவுடன் அது தொடர்ச்சியானதாகிவிடும். முடிவிலிவரை செல்லும் ஒரு தொகையீட்டாலும் அதனை எழுதலாம் என்று அங்கேயே காட்டுகிறார். ஆகவே பழைய பொருளில் தொடர்ச்சி என்பது சார்பின் பண்பன்று, அதனை எழுதும் முறையின் பண்பு. எழுதும் முறை மாற மாறுவதைப் பொருளின் இயல்பாகக் கொள்வது எங்ஙனம்?

மொழிபெயர்ப்பு முடிவு ஒன்றை இக்கட்டுரை வற்புறுத்துகிறது. ஆய்லரைத் தமிழாக்குவோர், படிப்போர் மயங்காதிருக்க அவர் சொல்லை ‘ஒருவிதிச் சார்பு’ என்றும், கோஷியின் சொல்லைத் ‘தொடர்ச்சியான சார்பு’ என்றும் பிரித்தெழுத விழைவது இயல்பு. ஆய்லரின் நூல் ஒன்றை மட்டும் பெயர்ப்போர்க்கு அது பொருந்தவும் கூடும். ஆனால் அம்முறையில் 1844ஆம் ஆண்டுக் கட்டுரை தமிழில் வரவே வராது. ‘ஒருவிதிச் சார்பு என்பது தொடர்ச்சியான சார்பன்று’ என்றால் அதில் வழக்கு எதுவும் இல்லை. இரு வேறு பொருள்கள் வேறு என்ற செய்தியே எஞ்சும். கோஷி வாதாடுவது ஒரே சொல்லின் உரிமைக்காக. எனவே இருவர்க்கும் ‘தொடர்ச்சி’யையே ஆண்டு, ஆய்லரில் முதன்முறை வருமிடத்து ‘விதியின் தொடர்ச்சி’ என எழுவாயை வெளிப்படுத்திக் காட்டுவது தக்கது. கோஷியில் அது ‘மதிப்பின் தொடர்ச்சி’ ஆகும். வேற்றுமை உருபு ஒன்று செய்யும் இப்பணிக்குப் புதுக் கலைச்சொல் தேவையில்லை.

ஆர்போகாஸ்டிடம் மட்டும் இது செல்லாது. அவர் தாமே இரு சொற்களை ஆண்டவர் ஆதலின், தமிழிலும் இரண்டு வேண்டும். ‘தொடர்ச்சியற்ற’, ‘தொடுகையற்ற’ என்னும் இணை, ஒலியால் நெருங்கியும் பொருளால் விலகியும் நிற்பதால், அவர் பிரெஞ்சில் அமைத்த இணைக்கு ஈடாகிறது. வடிவியலில் வளைகோட்டை ஒரு புள்ளியில் தொட்டுச் செல்லும் கோட்டைத் தொடுகோடு என்பதனால், ‘தொடுகையற்ற’ என்பதைத் தொடுகோடு இல்லாத என்று மாணவர் கொள்ளக்கூடும். ஆகவே அச்சொல் முதலில் வருமிடத்தில், 1இல் 1க்கும் 2க்கும் இடையே தாவும் அச்சார்பை வரைந்து, ஒன்றையொன்று எட்டாத அதன் இரு முனைகளையும் படத்தில் காட்டிவிடுதல் வேண்டும்.